அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு

“குடிச்சிட்டு வந்து பொய் வேறை.”

“குடிக்கேல்லை அஜந்தா, சத்தியமா ஒரு சொட்டும்...”

“முகம் செத்தல் மிளகாய் மாதிரிச் சிவந்து கிடக்கு. ரெண்டு தரம் சத்தி எடுத்திட்டியள். எனக்கென்ன கண் தெரியாதே?”

“வாயை மணந்து பாரன்.”

“கறிதான் மணக்குது. கெட்டிக்காரன் நீங்கள்.”

மாட்டிறைச்சிக் கறிக்கு மிளகு கொஞ்சம் கூடப் போடவேண்டும். மற்ற மணமெல்லாம் அதற்குள் அடங்கிவிடும். மகனும் மருமகளும் சண்டை பிடிக்கும்போது நான் மிச்சக் கறியை மூடி வைத்துக்கொண்டிருந்தேன். அஜந்தா சைவப் பிள்ளை, மாடு தொடமாட்டாள். அந்தச் சட்டி எனக்கும் றெனோல்டுக்கும் மட்டும்தான்.

றெனோல்ட் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் பரிமாறுகிற வேலை பார்த்தவன். குடி அங்கேதான் பிடித்தது. அவனுக்குப் பிடித்தது தென் பிரான்சின் சிவப்பு வைன், கோட்-து-ரோன். ஒரு கிளாஸ் உள்ளே போனால் என் பக்கத்தில் வந்து இருந்துவிடுவான்.

“இது ஒரு திராட்சையில்லை அம்மா. கிரெனாஷ் இனிப்புக்கு, சிரா நிறத்துக்கு, மூர்வேத்ர் பிடிப்புக்கு. ஒண்டின்ரை குறையை மற்றது மறைக்கும்.”

அந்தத் திராட்சை விளைகிற ஆற்றங்கரைத் தோட்டங்களில் மண்ணே தெரியாதாம், உருண்டைக் கற்கள்தானாம். பகல் வெயிலைப் பிடித்து வைத்து இரவில் கொடிகளுக்குக் கொடுக்குமாம். “உங்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுறன்” என்பான். குடியை விட்ட பிறகு அவன் அஜந்தாவோடுதான் கதைத்தான்.

குடியை மறக்க டொக்டர் ஒரு குளிசை கொடுத்திருந்தார். அதைப் போட்டுக்கொண்டு குடித்தால் முகம் சிவக்கும், நெஞ்சு அடிக்கும், வாந்தி வரும். சமையலில்கூட வைன் சேர்க்கக் கூடாது என்றாராம். எனக்குப் பிரெஞ்சில் ‘பொன்ஜூர்’, ‘மெர்சி’ தவிர வேறொன்றும் வராது. றெனோல்ட்தான் அதைத் தமிழில் விளங்கப்படுத்தினான்.

அந்த மாரிக்குள் நாங்கள் இருந்த இல்-பிசார் வீட்டை விற்று, கர்க்லாண்டில் அஜந்தாவின் தமையன் வீட்டுக்குப் பக்கத்தில் குடிபோவதாக இருந்தார்கள். எனக்கு ஒரு முதியோர் இல்லத்தில் அறை பார்த்திருந்தார்கள். நல்ல அறைதான், ஜன்னல் பெரிது. தமிழ் கதைக்க ஒரு சீவன் இல்லை. ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் கோபிக்கவில்லை.

முதலில் கறிக்குள் ஒரு கரண்டி வைன்தான் விட்டேன். அவன் முகம் மட்டும் சிவந்தது. கொதிக்கும்போது விட்டால் அதன் வேகம் போய்விடும் என்று சொல்லித் தந்தவனும் அவன்தான். அதனால் அந்தச் சனிக்கிழமை சட்டியை இறக்கிய பிறகு இரண்டு அகப்பை ஊற்றினேன்.

அஜந்தா பெட்டியோடு தமையனிடம் போய்விட்டாள். றெனோல்ட் குசினி வாசலில் நின்று, “நீங்களும் நம்பேல்லையோ?” என்று கேட்டான்.

“நான் நம்புறன் மோனை” என்றேன். அது பொய்யில்லை. அவன் குடிக்கவில்லை என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

“குடிக்காமலே குடிகாரன் எண்டால், பேந்தென்னத்துக்கு இது?” என்று குளிசைகளைக் கழிப்பறைக்குள் கொட்டினான். கொஞ்ச நாள் பொறுத்து மேசையில் ஒரு போத்தலும் கிளாசும் வைத்தேன். வற்புறுத்தவில்லை.

இரண்டு மாரி போய்விட்டது. வீடு விற்கவில்லை. அவனுடைய கண் மஞ்சளாகிவிட்டது, வயிறு ஊதிவிட்டது. நான்தான் துடைக்கிறேன், ஊட்டுகிறேன். பின்னேரங்களில் அந்தக் கற்களைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்வான், நான் கேட்பேன். ஒரு தாய் இதைவிட என்ன செய்ய முடியும்?

இன்று அஜந்தா வந்தாள். கோட்டைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். “குடி மறக்கிற இடத்திலை ஒரு கட்டில் கிடைச்சிருக்கு. இண்டைக்கே வரட்டாம். இனிப் பிந்தினால் ஈரல் தாங்காது எண்டினம். நான் காருக்குள்ளை இருக்கிறன்” என்றாள்.

அவன் ஒரு காலில் சப்பாத்தைப் போட்டான். மற்றக் கால் சப்பாத்து கையில் இருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தான்.

“அண்டைக்கு நான் குடிக்கேல்லை எண்டு நம்பினது நீங்கள் ஓராள்தான். போறதோ விடுறதோ, நீங்களே சொல்லுங்கோ அம்மா.”