லெவல் கிராஸிங்குக்கு ஒரு சிவப்பு பஸ்

வைகுண்ட ஏகாதசிக் கடைகளில் விற்கும் தகரக் கார்கள் என் ரயிலை விடப் பெரியவை. அருளப்பன், இதை முதலில் புரிந்துகொண்டீர்களானால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரிந்துவிடும். நேற்று நீங்கள் நேரில் கேட்டபோது எனக்குக் கோர்வையாகச் சொல்ல வரவில்லை. அதனால் எழுதியே தருகிறேன்.

என் ரயிலைப் பார்த்தீர்கள். நாற்பத்தெட்டில் கன்டோன்மென்டிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குப் புறப்பட்டபோது வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார். எஞ்சின், ஆறு பெட்டி, தண்டவாளம் எல்லாமாகச் சேர்ந்து ஒரு பழைய நாற்காலியின் விலைக்கு எனக்குக் கிடைத்தன. ஆள் கிளம்பினால் சாமான் விலை இறங்கும் என்பதை அன்றுதான் கவனித்தேன். அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம், ஆபீஸ் விட்டு வந்து, உத்தர வீதி வீட்டு மாடியில் அட்டையாலும் மரத்தூளாலும் ஓர் ஊரையே செய்தேன். ஸ்டேஷன், கொள்ளிடப் பாலம், வாழைத்தோப்பு, லெவல் கிராஸிங் எல்லாம் வந்துவிட்டன. கேட் மூடினால் காத்து நிற்க ஒரு வண்டி மட்டும் இல்லை.

என் மனைவி வைதேஹி காபியோடு மாடிக்கு வருவாள். “உங்க ஊர்ல எல்லாரும் ரயிலை விட்டு எறங்கி நடந்தேதான் போவாளா?” என்பாள். விளையாட்டாகத்தான் கேட்பாள். எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

தேடாத கடை இல்லை. பெரிய கடை வீதியில் கிடைத்த தகரக் காருக்குள் என் ஸ்டேஷன் மாஸ்டர் குடும்பத்தோடு குடியேறலாம். மரக் காரின் சக்கரம் அவருடைய தலைக்கு மேல் நின்றது. சோப்பில் நானே ஒரு லாரி செதுக்கினேன். ஐப்பசியில் ஓடு ஒழுகி, லாரி நுரைத்துவிட்டது. தெப்பக்குளத்தருகே சீமைச் சாமான் விற்கும் ஒரு கடையில், கட்டைவிரல் நீளத்தில், கச்சிதமான அளவில் ஒரு கார் இருந்தது. விலையைக் கேட்டேன். ஒரு பென்சில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்கள் ஆபீஸ் டைப்பிஸ்ட் டோரதியை நான் உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவளைத்தான் நீங்கள் கல்யாணம் செய்துகொள்வதாக இருந்தது. அறுபதாம் வருஷக் கிறிஸ்துமஸில் நீங்கள் மோதிரம் போட்டபோது, கிராப்பட்டியில் அவள் வீட்டுக்கு நானும் வந்திருந்தேன். எல்லாரும் உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கண்ணாடி அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பு நிறத்தில் மாடி பஸ் ஒன்று, பால்வண்டி ஒன்று, தீயணைப்பு வண்டி ஒன்று, இரண்டு லாரி, ஆறு கார். சட்டைப்பையில் இருந்த ஸ்கேலை எடுத்து பஸ்ஸை அளந்தேன். எனக்காகவே செய்தது போல் இருந்தது.

விலைக்குத் தருவாளா என்று அவளிடம் மெதுவாகக் கேட்டேன். “என் அண்ணனோடது, மிஸ்டர் யதிராஜன். பர்மா சண்டைக்குப் போனான், திரும்பி வரல. நான் இந்த ஊர்ல இருக்கிற வரைக்கும் இது இங்கதான் இருக்கும்” என்றாள்.

அந்த வாக்கியத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. இருபது வருஷம் ஃபைல் பார்த்தவன் கண்ணுக்கு அது தப்பாது. லண்டனில் இருந்த அக்கா வா, வா என்று அவளுக்கு எழுதிக்கொண்டிருந்தாள். போகாமல் இருக்க ஒரே காரணம்தான் இருந்தது. அது நீங்கள். உங்கள் மேல் எனக்கு எந்த விரோதமும் கிடையாது என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும்.

உங்கள் தாயார் வியாகுலம்மாளுக்கு நான் எழுதியது ஒரே ஒரு பக்கம். டோரதிக்கு ஜோலார்பேட்டையில் ஏற்கெனவே ஒரு புருஷனும் ஒரு குழந்தையும் உண்டு என்று எழுதினேன். குழந்தை கொஞ்சம் அதிகப்படி என்று இப்போது தோன்றுகிறது. பழக்க தோஷத்தில் கடிதத்தின் தலைப்பில் ‘உபயக்ஷேமம்’ என்று போட்டுவிட்டேன். மொட்டைக் கடிதத்தில் க்ஷேமம் எழுதுகிற ஆள், அதுவும் டோரதியைத் தெரிந்த ஆள், திருச்சியில் இரண்டு பேர் இருக்க முடியாது என்று நேற்று நீங்கள் சொன்னது நியாயம்தான்.

அம்மா அதைப் பக்கத்து வீட்டுச் செல்வமேரியை விட்டுப் படிக்கச் சொன்னதும், மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்ததும், கடிதத்தை உங்கள் கண்ணில் காட்டாமல் விஷயத்தை மட்டும் சொன்னதும் நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீங்கள் டோரதியிடம் போய், ஜோலார்பேட்டையில் உனக்கு யார் இருக்கிறார்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். அவள் மோதிரத்தைக் கழற்றி உங்கள் கையில் கொடுத்துவிட்டு ஆபீஸுக்கு வந்தாள். அன்று மத்தியானம் அவள் அடித்த கடிதங்களில் ஒரு பிழைகூட இல்லை. நான் பாராட்டினேன்.

அறுபத்தொன்று ஆகஸ்டில் கப்பல் ஏறினாள். போவதற்கு முந்தின நாள், பிஸ்கட் டப்பாவில் பதினொரு வண்டிகளையும் பேப்பரில் சுற்றி எடுத்து வந்தாள். நான் பணம் கொடுக்கத்தான் போனேன். வாங்கவில்லை. “நீங்க ஒருத்தர்தான் என்னை ஒண்ணுமே கேக்கல” என்றாள். அது உண்மை. நான் எதுவும் கேட்கவில்லை.

நேற்று நீங்கள் கோபப்படவில்லை. அதற்கு நன்றி. “அம்மா போன மாசம் தவறிட்டாங்க. இந்தக் கடுதாசி அவங்க பெட்டியில இருந்துச்சு. எனக்கும் நாப்பது ஆகப்போவுதுங்க. அவ அட்ரஸ் மட்டும் குடுங்க, போதும்” என்றீர்கள். என்னிடம் இல்லை என்றேன். அது பொய். இருக்கிறது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவள் எனக்கு ஒரு சின்ன வண்டி பார்சலில் அனுப்புகிறாள். கூடவே ஒரு கடிதம். அதில் கடைசி வரி எப்போதும் உங்களைப் பற்றித்தான்.

முதல் வருஷம் நீங்கள் இன்னும் தனியாகத்தான் இருந்தீர்கள். அப்படி எழுதினால் அவள் அடுத்த கப்பலில் வந்து இறங்கிவிடுவாள். வந்தால் கொடுத்ததைக் கேட்காவிட்டாலும், பார்க்கவாவது வருவாள். எனக்குச் சங்கடம். ஆகவே உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று எழுதினேன். வாழ்த்துச் சொல்லி எழுதினாள். அடுத்த வருஷம் குழந்தை உண்டா என்று கேட்டாள். கல்யாணம் ஆனவருக்குக் குழந்தை பிறப்பது இயற்கைதானே. இப்போது உங்களுக்கு இரண்டு.

அட்ரஸ் தராததற்குக் காரணம் வண்டிகள் இல்லை. அவள் அங்கே நிம்மதியாக இருக்கிறாள். என் மகள் மாதிரி நினைக்கிறவளின் மனதை, இத்தனை வருஷத்துக்குப் பிறகு, எதற்காகக் கலைக்க வேண்டும்? உங்களிடமும் அவளுக்கு வருத்தம் கிடையாது. போன மாதம் உங்கள் பெரிய பையனுக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு பச்சை வேன் அனுப்பியிருக்கிறாள். நேற்று நீங்கள்கூட அதைக் கையில் எடுத்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றீர்கள்.