அடையாள அட்டைக்குப் பதில் பேய்

யுத்த காலம். மாத்தளையிலிருந்து உக்குவளை போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு இளந்தாரிகள்.

"நேத்து அத்தனை பேயையும் கொன்னுட்டேன் மச்சான்," என்றான் நீலச் சட்டைக்காரன்.

"மெதுவாப் பேசுடா. பஸ்ல இருக்கிறவங்களுக்குப் பேய் காதுல விழாது. கொன்னது மட்டுந்தான் விழும்."

"கம்ப்யூட்டர் கேம்தானே? இன்னைக்கு வேற சீடி வாடகைக்கு எடுத்திருக்கேன். இதுல பேய்க்குக் கொம்பும் இருக்கு."

"சரி, செக்பொயிண்ட் வருது. ஐடென்டி கார்டை எடு."

"அது சீடிக் கடையில இருக்கு. சீடியைத் திருப்பிக் குடுக்கிற வரைக்கும் கார்டை வச்சிட்டுப் போகச் சொன்னான்."

"பேயைப் பத்திரமா கூட்டிட்டு வந்துட்ட. உன்னையத்தான் அங்க விட்டுட்டு வந்துட்ட."

எல்லாரும் இறங்கி வரிசையில் நடந்தோம். ஆமிக்காரர் கார்டைக் கேட்டார். நீலச் சட்டைக்காரன் சீடியை நீட்டி, நடந்ததைச் சிங்களத்தில் சொன்னான். அவர் சீடி உறையில் இருந்த கொம்புப் பேயின் படத்தைப் பார்த்தார். இவனைப் பார்த்தார். சீடியை வைத்துக்கொண்டு, போகச் சொன்னார்.

பஸ் கிளம்பியது.

"சீடி இல்லாம கார்டை எப்படிடா மீட்ப? கடைக்கும் இதே வழியாத்தானே போகணும்?"

நீலச் சட்டைக்காரன் செக்பொயிண்டைத் திரும்பிப் பார்த்தான்.

"அவரு ஆறுதலா, அவசரப்படாம பேயைக் கொல்லட்டும் மச்சான். அதுவரைக்கும் நம்மள விட்டுவைப்பாரு."