துளைக் கோபுரத்தின் இடது கால்

என் பெயரும் தகப்பனார் பெயரும் இந்த வாக்குமூலத்தோடு தனித்தாளில் எழுதிக் கொடுத்துள்ளேன். வயது நாற்பத்தேழு. தொழில் வெல்டிங். கப்பல் பழுதுபார்க்கும் தளத்தின் பின்தெருவில், மாடி வீட்டில் மனைவியுடன் வசிக்கிறேன்.

துருவக் கடலுக்குப் போய்ப் பனிக்கு அடியில் துளையிட இருந்த ஆராய்ச்சிக் கப்பலில் நான்கு மாதமாக வேலை செய்தேன். என் தங்கையின் கணவர் அதில் துளையிடும் குழுவில் போக இருந்தார். சென்ற செவ்வாய்க்கிழமை காலை, துளையிடும் குழாய்களைத் தூக்கி இறக்கும் துளைக் கோபுரத்தின் இடது கால் கப்பல் தளத்தோடு சேரும் இடத்தில் ஒரு சாண் நீள விரிசலைப் பார்த்தேன். கடுங்குளிர் தாங்காத இரும்பை வைத்து எனக்கு முன்பு யாரோ செய்த வேலை அது. உடனே பயணத் தலைவரிடம் போனேன். கப்பலுக்கு எந்த நீலம் அடித்தால் போட்டோவில் எடுப்பாகத் தெரியும் என்று அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்தக் கப்பலில் அவர் செய்து நான் பார்த்த ஒரே ஆராய்ச்சி அதுதான்.

"வெள்ளிக்கிழமை வழியனுப்பு விழா. மேல பெயிண்ட் அடிச்சு விட்டுரு" என்றார்.

"பெயிண்ட் பாரம் தாங்காது சார்" என்றேன்.

"படிச்சது நீயா, நானா?" என்றார்.

அதன் பிறகு வேறு ஆளை வைத்துப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். அதன் பிறகு வியாழக்கிழமை சோதனைக்காக அந்தக் கோபுரத்தில் குழாய்களைத் தூக்கினார்கள். அன்று மாலை தங்கை கணவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "கிடைச்ச வேலைய கெடுத்துராதீங்க மச்சான்" என்றார்.

வெள்ளிக்கிழமை கொளுத்தும் வெயிலில் தலைவர் துருவத்து அங்கியை மாட்டிக்கொண்டு, வியர்வை வழிய, மனித குலத்தின் எதிர்காலம் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். விசிறிவிட ஓர் அதிகாரி நின்றார். கைதட்டல் முடிந்த பிறகு நான் கிரைண்டரோடு மேடைக்குப் பின்னால் போய்ப் பெயிண்டைச் சுரண்டினேன். இரண்டு பேர் இழுத்தும் விடவில்லை. விரிசல் இப்போது ஒரு முழம் இருந்தது. சிறப்பு விருந்தினராக வந்த அம்மையார் தன் அழைப்பிதழை அதில் செருகிப் பார்த்தார். பாதி உள்ளே போயிற்று.

"டிசைனே அப்படித்தான் மேடம்" என்றார் தலைவர். நான் சத்தமாகச் சிரித்தேன். விழாவைக் கெடுத்ததாக அவர் கொடுத்த புகாரில் சிரித்ததும் குற்றமாக இருப்பதாக அறிகிறேன்.

அதன் பிறகு பயணத்தை நிறுத்தினார்கள். என்னைக் கைது செய்தார்கள். நேற்று தங்கை கணவர் மாற்றுத்துணி கொண்டுவந்து கொடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "கப்பல்ல போக இருந்த நாப்பது பேரும் உங்களத் திட்டிக்கிட்டு இருக்கோம் மச்சான். உயிரோட" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் புகாரைத் திரும்பப் பெறுவதாகத் தலைவர் சொல்லி அனுப்பியுள்ளார். எழுத மாட்டேன்.

மேற்கண்டவற்றை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே உள்ளது. சொன்னது அத்தனையும் உண்மை.

(கையொப்பம்)