தலைப்பு அக்காவுக்கு மட்டும் வராத பக்கம்

தேடுவோர் தேடியதைத் தேடிய நொடியில் தேடித் தந்த திருக்கரத்துக்கு உரியவரே! குப்பைக்குள் குண்டுமணி கேட்டாலும் குறைகூறாது கொண்டுவந்து கொடுத்த கோமானே! எங்கள் செய்தித்தளத்தின் செவியாகவும் நினைவாகவும் சேர்ந்தே இருந்த செம்மலே! பணி ஓய்வு பெறும் இந்நாளிலும் பழைய சட்டைப்பையில் பேனாவும் சிறு திருப்புளியும் சுமந்து வந்திருக்கும் எங்கள் பெருமதிப்பிற்குரிய ‘வடிகட்டி அண்ணன்’ அவர்களே! வணக்கம்.

இதே மோனையோடு மூன்று பத்திகள் எழுதி, பிழைதிருத்தும் மேசையில் சரிபார்த்து, சட்டம் போடுகிற கடைக்கும் அளவு சொல்லியாகிவிட்டது. அந்த மடலில் தாங்கள் மாசற்ற மாணிக்கமாக இருந்தீர்கள். போன வாரம் நடந்த ஒன்றால் அதைக் கிழித்துப் போட்டோம். இது இரண்டாவது மடல். இதில் ‘தாங்கள்’ என்று தள்ளி நின்று பேச எங்களுக்கு வாய் வரவில்லை. ‘நீங்கள்’ என்றே பேசுகிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் புகழைப் பாடிவிடுகிறோம். அதில் ஒரு வார்த்தையும் மாறவில்லை. நீங்கள் வருவதற்கு முன் நம் தளத்தில் ‘மழை’ என்று தேடினால் மழை எச்சரிக்கை வராது. மழையால் நின்றுபோன ஆட்டம் வரும், மழைக்காலத்தில் முடி கொட்டாமலிருக்க வழி வரும், வாசகர் ஒருவர் எழுதிய காதல் கவிதை வரும். ஊருக்கெல்லாம் செய்தி சொன்ன நமக்கு நம் வீட்டுச் செய்தி எந்த மூலையில் கிடக்கிறது என்று தெரியாது. நீங்கள் வந்து, செய்திகளையெல்லாம் அடுக்கி வைத்திருக்கும் அந்த சிஎம்எஸ் மென்பொருளின் வயிற்றைத் திறந்தீர்கள். தேடுகிறவர் கேட்பதை அதற்குப் புரிகிற கட்டளையாக மாற்றுகிற ‘க்வெரி’யைப் பிரித்து மேய்ந்தீர்கள். தலைப்பில் இருக்கும் சொல்லுக்கு முதல் மரியாதை, உள்ளே இருக்கும் சொல்லுக்கு அடுத்தது, அரைகுறையாக எழுதி வைத்தது எழுதியவர் கண்ணுக்கு மட்டும் என்று ஒழுங்கு செய்தீர்கள்.

அதோடு விட்டீர்களா? உள்ளே நுழைகிற ஒவ்வொருவர் பெயருக்கும் தனித்தனித் தேடல் தைத்துக் கொடுத்தீர்கள். படப்பிரிவுக்காரர் தேடினால் படமுள்ள பக்கம் மட்டும், விளையாட்டுக்காரர் தேடினால் ஆட்டம் மட்டும். தேநீர்க் குவளையோடு எங்கள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவீர்கள்.

“என்ன வேணும்னு எல்லாரும் சொல்லிடுறாங்க. எது வேண்டாம்? அதைச் சொல்லுங்க, மிச்சம் தானா வந்துடும்.”

இந்த ஒரு கேள்வியால்தான் உங்களுக்கு வடிகட்டி என்று பெயரே வந்தது. சந்தை நிலவரம் எழுதுகிறவர், “மேனேஜர் அனுப்புற சுற்றறிக்கை எனக்கு வேண்டாம்ணே” என்று கேட்டபோது மட்டும், “அந்த வரத்தை ஆண்டவனே கொடுக்க மாட்டான்” என்று எழுந்து போய்விட்டீர்கள். எழுதிய ஒவ்வொரு கட்டளை வரிக்கும் மேலே காரணக் குறிப்பு வைப்பீர்கள்: யார் கேட்டது, எதற்காகக் கேட்டது. “காரணம் எழுதாத வரி என்னிக்காவது ஒருத்தரைக் கவுத்துடும்” என்று எங்கள் காது புளிக்கச் சொன்னவர் நீங்கள்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

இனி தலைப்பு அக்காவின் கதை. அவையில் புதியவர்களுக்காகச் சொல்கிறோம்: நம் செய்திகளுக்கெல்லாம் தலைப்பு வைக்கிறவர் அவர். வாசகர்கள் எழுதி அனுப்பும் கருத்துகளைப் படித்து, திட்டு எது, தகவல் எது என்று பிரித்து, ஒப்புதல் கொடுத்து வெளியே விடுவதும் அவரேதான். அக்கா விடுப்பில் போனால் கருத்துகளும் விடுப்பில் போய்விடும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியிலேயே கண் சொக்கிவிடுவார் என்பதால் ‘தூங்குமூஞ்சி’ என்று நாங்கள் கேலி செய்வதும், விழித்தெழுந்து எங்கள் தலையில் ஒரு தட்டு தட்டுவதும் தினப்படி நடப்பது. ஒருமுறை அவருடைய அம்மா அலுவலகத்துக்கு வந்தபோது எங்களிடம் குறைப்பட்டுக்கொண்டார். “ராத்திரி கதவைத் தாழ் போட விடமாட்டேங்குறா. சும்மா சாத்தி வெச்சிட்டு முழிச்சுக் கிடக்குறா. அப்புறம் இங்க வந்து தூங்காம என்ன செய்வா?” நாங்கள் சிரித்தோம். ஏன் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அக்காவுக்கு ஒரு தம்பி இருந்தான். தகப்பன் இல்லாத வீட்டில் அக்காவே தோளில் போட்டு வளர்த்த பிள்ளை. வேலை முடிந்து வீடு திரும்பிய ஒரு மழை நாளில், சுற்றுச்சாலையில் கவிழ்ந்த பேருந்துக்குள் அவன் இருந்தான். நம் தளம்தான் அந்தச் செய்தியை முதலில் போட்டது, படத்தோடு. அக்கா துக்கம் முடிந்து வேலைக்குத் திரும்பினார். புதுச் செய்திக்குக் கீழே ‘முன்பு நடந்தவை’ என்று பழைய செய்திகளைக் கோப்பதும் அவர் வேலை. பேருந்து என்று தேடும் ஒவ்வொரு முறையும் அந்தப் பேருந்து வந்து நிற்க வேண்டும். ஆனால் வரவில்லை. தேடல் தன்பாட்டுக்கு விட்டுவிட்டது போலிருக்கிறது, நல்லதுதான் என்று அவர் நினைத்துக்கொண்டார். போய்ப் பார்க்கும் தெம்பு அவருக்கு இல்லை.

நீங்கள் ஓய்வுக்கு முந்தைய விடுப்பில் போனீர்கள். உங்கள் இடத்துக்கு வந்திருக்கும், கணினி நிரல் எழுதும் தங்கச்சி, ஆளுக்கொரு தேடலையும் திறந்து, குறிப்புகளைப் படித்துத் துடைத்து வைத்துக்கொண்டே வந்தாள். அக்காவின் பெயரில் இருந்த தேடலில் ஒரு வரிக்கு மட்டும் குறிப்பில்லை. நீங்களா குறிப்பெழுதாமல் விடுவீர்கள்? வேறு யாரோ போட்டுவிட்டுப் போன பழைய வரி என்று நினைத்து நீக்கிவிட்டாள்.

மறுநாள் காலை அக்கா வந்தார், கைப்பையை மாட்டினார், பேருந்துக் கட்டண உயர்வுச் செய்திக்காகத் தேடினார். கவிழ்ந்த பேருந்து முதல் வரியில் வந்து நின்றது.

குவளை சாய்ந்து மேசையெல்லாம் தேநீர் ஓடியது. அவர் துடைக்கவில்லை. “இது இத்தனை வருஷமா ஏன் வரல?” என்று மட்டும் கேட்டார், யாரைப் பார்த்தும் கேட்கவில்லை. தங்கச்சிதான் எழுந்து வந்து சொன்னாள்.

“அக்கா, உங்க பேர்ல ஒரு வரி இருந்துச்சு. நேத்து நான்தான் எடுத்தேன். அது இருந்தவரைக்கும் இந்தப் பக்கம் உங்களுக்கு மட்டும் காட்டாது. எங்க எல்லாருக்கும் காட்டும்.”

போட்டது யார் என்று கேட்கவே வேண்டியதில்லை. யாரிடமும் ஒரு சொல் சொல்லாமல், ஒரு நன்றியும் எதிர்பார்க்காமல், ஒரு பெண்ணின் கண்ணுக்கு இத்தனை காலம் குடை பிடித்திருக்கிறீர்கள்! படப்பிரிவுக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “மனுஷன்னா இவர்யா!” என்றார். மடலில் இன்னொரு பத்தி சேர்க்க வேண்டும் என்று பேனாவை எடுத்தோம். அக்காவும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இப்படியும் செய்வாரா ஒருத்தர்!” என்றார்.

அந்த நிமிடத்தில் நின்றிருந்தால் முதல் மடலையே இன்று வாசித்திருப்போம். அக்கா வழக்கம்போல ஒப்புதலுக்குக் காத்திருக்கும் கருத்துகளைத் திறந்தார். அடியில், யாரும் தொடாமல், பழைய கருத்து ஒன்று கிடந்தது. அந்தப் பேருந்துச் செய்திக்கு வந்தது.

“இந்த பஸ்ல நானும் வந்தேன். கால் முறிஞ்சு ஆஸ்பத்திரில கெடந்ததால இப்பதான் எழுதுறேன். ஊதா சட்டை போட்ட பையன் கடைசிவரைக்கும் என் மடியிலதான் தலை வெச்சிருந்தான். அவங்க அக்காகிட்ட சொல்லச் சொல்லி ஒண்ணு சொன்னான். அக்கா யாருன்னு எனக்குத் தெரியல. வீட்டுக்காரங்க யாராவது பாத்தா கூப்பிடுங்க.” கீழே ஒரு பெண்ணின் பெயரும் தொலைபேசி எண்ணும்.

அடப்பாவி மனுஷா! பாராட்டு மடலில் இப்படி ஒரு விளி இதுவரை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். எழுதுகிறோம். ஒரு பக்கத்தை மறைத்தால் அந்தப் பக்கத்தில் தொங்கும் கருத்துகளும் சேர்ந்து மறையும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தவரே நீங்கள்தானே? கருத்துகளை அக்கா ஒருவர்தான் பார்ப்பார் என்பதும் உங்களுக்குத் தெரியுமே? அந்த அம்மாள் எழுதிய செய்தி, உலகத்தில் யாருக்குப் போய்ச்சேர வேண்டுமோ அவருக்கு மட்டும் காட்டாத இடத்தில் போய் விழுந்தது. எங்களுக்கும் தெரியவில்லை, வாசகர்களுக்கும் தெரியவில்லை. தம்பி யாருமில்லாமல் தனியாகக் கிடந்து போனான் என்று எண்ணியெண்ணியே அக்கா இத்தனை வருடமும் உருகினார்.

அக்கா எழுந்து நின்றார். அவர் அப்படிக் கத்தி நாங்கள் கேட்டதே இல்லை. “எல்லார்கிட்டயும் எது வேண்டாம்னு கேப்பாரே, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாரா? என் தம்பி, என் கண்ணு! இவர் யாரு பொத்துறதுக்கு?” பிறகு அப்படியே உட்கார்ந்து, தாழ்ந்த குரலில், “அந்தக் கையைக் கடிக்கணும் போலவும் இருக்கு, புடிச்சுக்கிட்டு அழணும் போலவும் இருக்கு” என்றார். எங்களுக்கும் அதே நிலைதான், அண்ணே. இன்னும் அதிலிருந்து நாங்கள் வெளியே வரவில்லை.

இதை இந்த மேடையில் படிக்கக் கூடாது என்று ஆசிரியர் சொன்னார். “நல்ல நாளும் அதுவுமா, பெரிய மனுஷனை நிக்க வெச்சு எதுக்குய்யா?” எங்களில் பாதிப் பேர் அவர் பக்கம். முடிவை அக்காவே சொன்னார்.

“படிங்க. எனக்கு நல்லதுன்னு நெனச்சுத்தான் அவர் மறைச்சாரு. இப்ப அவருக்கு நல்லதுன்னு நெனச்சு நாம மறைக்கிறதா?”

அதனால்தான் படிக்கிறோம். இதைக் கேட்டு நீங்கள் எழுந்து நிற்பீர்கள் என்று தெரியும். தயவுசெய்து உட்காருங்கள், இன்னும் முடியவில்லை.

நேற்று மாலைவரை அந்த எண்ணைக் கூப்பிட அக்காவுக்குத் துணிவு வரவில்லை. எண் மாறியிருந்தால்? அந்த அம்மாளே இல்லாமல் போயிருந்தால்? எண்ணை அழுத்துவார், வைத்துவிடுவார். கடைசியில் நாங்கள் எல்லோரும் சுற்றி நிற்க, தங்கச்சி அவர் கையைப் பிடித்துக்கொள்ள, மணி அடித்தது. எடுத்தது ஒரு தையற்கடை. பின்னால் இயந்திரம் ஓடும் சத்தம் எங்களுக்கே கேட்டது.

“யாருங்க?”

“நீங்க… அந்த பஸ்ஸு பத்தி ஒண்ணு எழுதியிருந்தீங்க…”

இயந்திரம் நின்றது. “அக்காவா?” என்றது அந்தக் குரல்.

“ஏம்மா இவ்ளோ நாளு?” என்று அந்த அம்மாள் கேட்டார். அக்கா உங்கள் பெயரைச் சொல்லவில்லை. “இப்பதாம்மா கெடைச்சுது” என்றார். பிறகு அவன் சொன்னதை அந்த அம்மாள் சொன்னார். நாங்கள் காதைப் பொத்திக்கொள்ளவில்லை, எங்களுக்கும் கேட்கும்படி அக்காவே ஒலியைக் கூட்டி வைத்தார்.

“அக்கா எனக்காக முழிச்சிட்டிருப்பா. வர நேரமாகும், கதவைப் பூட்டிட்டுப் படுத்துக்கச் சொல்லுங்கன்னான், தாயி. அவ்ளோதான். அப்புறம் வலியில்லாம தூங்கின மாதிரிதான் போனான்.”

பெரியவரே! வாழ்த்தவும் வேண்டும், வசை பாடவும் வேண்டும் என்று வந்து நிற்கிறோம். கருணையால் செய்த தவறு உங்களுடையது, கேலி செய்துகொண்டே காரணம் கேளாமல் விட்ட தவறு எங்களுடையது. உங்கள் அன்புக்கு எங்கள் கைகள் குவிகின்றன. அந்த ஒரு வரிக்கு எங்கள் நெஞ்சம் இன்னும் ஆறவில்லை. இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் போட்டுத் தருகிறோம், வீட்டுக் கூடத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். இனி உங்கள் வீட்டாருக்கு எதையாவது வடிகட்டத் தோன்றினால், அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வடிகட்டுங்கள். கண்ணொளி குன்றாமல், கைநடுக்கம் காணாமல், கால்நோவு அண்டாமல், வேண்டுவதெல்லாம் முதல் வரியிலேயே வந்து நிற்க, நீங்களும் அண்ணியும் நெடுங்காலம் நிறைவோடு வாழ வேண்டும். தேடித் தேடிக் கொடுத்தவரே, எங்களை மறவாமல் அடிக்கடி தேடி வாருங்கள்!

பின்குறிப்பாக, மேடை ஏறும் முன் சேர்த்தது: முன்வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருப்பதை நீங்கள் வந்ததிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறீர்கள். அக்கா கோபத்தில் வராமலிருக்கிறார் என்று எண்ண வேண்டாம். சற்று முன் அவருடைய அம்மா எங்களைக் கூப்பிட்டார். “நேத்து அவளே போய்க் கதவைப் பூட்டிட்டுப் படுத்தா. இன்னும் எந்திரிக்கல. அண்ணனுக்கு விழாவாமே, எழுப்பி விடவா?” என்று கேட்டார். எழுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

இங்ஙனம்,
மாறா அன்பும் ஆறா அதிர்ச்சியும் கொண்ட
செய்தித்தளப் பணியாளர்கள் அனைவரும்.

(தலைப்பு அக்காவின் கையெழுத்துக்குக் கீழே இடம் விட்டிருக்கிறோம். தூங்கி எழுந்ததும் வந்து போடுவார்.)