கத்திரி என்சைமும் பேசக் கூடாத அத்தையும்

பேசக் கூடாது அத்தை. கைய ஆட்டுங்க, முறைங்க, அதெல்லாம் உங்க இஷ்டம். தொண்டையிலேர்ந்து சத்தம் மட்டும் வரக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. கல்யாணமானதுலேர்ந்து இப்படி ஒரு வாய்ப்பு எனக்குக் கிடைச்சதே இல்ல!

என்ன? மாஸ்க்குக்குள்ள சிரிக்கிறேனாவா? சிரிக்கத்தான் செய்றேன்.

உங்களுக்கு வந்திருக்குறது தொண்டை அடைப்பான், அதான் டிப்தீரியா. சின்னப் பிள்ளைங்களுக்கு மட்டும்தான் வரும்னு யாரு சொன்னா? சின்ன வயசுல போட்ட தடுப்பூசியோட பலம் தீர்ந்துபோன பெரியவங்களுக்கும் வரும். ஐயோ, கண்ண உருட்டாதீங்க, என் லேப்லேர்ந்து வரல. நான் தட்டுல கிருமி வளக்குறேன்னு சொந்தக்காரங்க பூரா சொல்லி வெச்சிருக்கீங்க. நான் வளக்குறது மனுஷ உடம்போட செல்லு அத்தை, செல்லு. அதுல இந்தக் கிருமியோட விஷத்த ஊத்திப் பாப்போம், அவ்வளவுதான்.

அதுல ஒரு கூத்து இருக்கு, கேளுங்க. வேற வழி? எங்க எந்திரிச்சுப் போகப் போறீங்க!

கிருமி தொண்டையிலயே சட்டமா உக்காந்துக்கும். விஷத்த மட்டும் உள்ள அனுப்பும். அந்த விஷம் வரும்போது ஒண்ணும் செய்யத் தெரியாத முழுத்துண்டு. நம்ம செல்லுல ஒரு என்சைம் இருக்கு, கத்திரி மாதிரி. நம்ம புரதங்கள வெட்டிச் சரிபண்றதுதான் அதோட வேலை. இது யாரு வீட்டுச் சரக்குன்னு பாக்காது. வெட்டுற இடம் பழகின மாதிரி இருந்துச்சா, நறுக்! விஷத்தையும் வெட்டி விட்டுடும். வெட்டுப்பட்ட ஒரு துண்டு உள்ள போயி செல்லையே கொன்னுடும்.

ஏன் விரல உங்க பக்கமே காட்டுறீங்க? உங்களச் சொல்லல அத்தை, சத்தியமா!

கத்திரி இல்லாத செல்லு ரொம்ப விஷத்தத் தாங்குது, நானே பாத்தேன். அப்போ கத்திரிய நிறுத்த வேண்டியதுதானேன்னு கேக்குறீங்க. நிறுத்தினா நம்ம செல்லோட வேலையும் படுத்துடுமே. அதான் வருஷக்கணக்கா மண்டைய உடைச்சுக்குறேன். அதனாலதான் நேத்து போன்ல உங்க குரல் கரகரன்னு கேட்டதும் ஓடி வந்தேன். டார்ச் அடிச்சுப் பாத்தா தொண்டைக்குள்ள சாம்பல் நிறத்துல பாலாடை மாதிரி படிஞ்சிருக்கு. செல்லுக்குள்ள போன விஷத்த விஷமுறிவு ஊசி எடுக்காது, வெளிய இருக்குறதத்தான் பிடிக்கும். தாமதிச்சிருந்தா... சரி விடுங்க, ஊசி போட்டாச்சு, மூச்சு இப்ப நல்லா வருது.

உங்க பையனா? நாளைக்குக் காலைலதான் ஃப்ளைட்டாம், சாயங்காலம் வந்துடுவான். அவனுக்குப் போன் பண்ணாம எனக்கு ஏன் பண்ணீங்கன்னு நான் கேக்கல. பதில் சொல்ல வேணாம், வாய மூடுங்க.

கீழ ஆஸ்பத்திரி கவுண்ட்டர்ல பேர் பதியிறப்ப நோயாளிக்கு நான் என்ன வேணும்னு கேட்டாங்க. உங்க பையனுக்கும் எனக்கும் போன மாசமே கோர்ட்டுல தீர்ப்பாயிடுச்சே, இன்னும் மருமகள்னு எப்படிச் சொல்றது? பொண்ணுன்னு சொல்லிட்டேன்.

அழக் கூடாது அத்தை. மூக்கடைச்சுக்கும்.