கீழராஜவீதியின் மூத்த கடை

எழில்மொழி: பேரு நல்லாத்தானே இருக்குண்ணே. இந்தப் பழைய குடத்துல நான் புதுசா என்னத்தை வெட்டுறது?

துரைராசு: பேரை யாரு தொடச் சொன்னா? அந்த மிஷினை மொதல்ல நிறுத்து. இதுக்கு உளிதான் வேணும்.

எழில்மொழி: சரி, உளியே எடுக்குறேன். சொல்லுங்க.

துரைராசு: பேருக்குக் கீழ என்ன இருக்குன்னு படி.

எழில்மொழி: ரெத்தினம் பாத்திரக்கடை, கீழராஜவீதி, 1941... உங்க தாத்தாவா?

துரைராசு: தாத்தாதான். இப்ப நான் உட்கார்ந்திருக்குற இதே கடை. மொத்தமா வாங்குறவங்களுக்குக் கடைப் பேரையும் வருஷத்தையும் வெட்டிக் குடுப்பாராம். குடவாசல்ல ஒரு வீட்டுப் பரண்ல கிடந்துச்சு. புதுக்குடம் ஒண்ணு குடுத்து மாத்திட்டு வந்தேன்.

எழில்மொழி: புள்ளி ஒண்ணொண்ணும் கடுகாட்டம் இருக்குண்ணே. யாரு வெட்டுனாங்களோ, கையி...

துரைராசு: ரசிச்சது போதும். அந்த நாலை மூணாக்கணும்.

எழில்மொழி: ...எதுக்கு?

துரைராசு: தேஞ்சு போச்சுல்ல. கண்ணுக்குச் சரியாத் தெரியல.

எழில்மொழி: பளிச்சுன்னு நாலு தெரியுதே. பூர்ணிமா மேடம் எழுதுற வீதிப் புஸ்தகத்துக்கா?

துரைராசு: உனக்கு யாரு சொன்னா?

எழில்மொழி: காலேஜ் விட்டா நோட்டோட நாலு ராஜவீதியும் சுத்துறாங்களே. ராஜா ஊர்வலம் போனதுலேருந்து நேத்து தண்ணிக் குழாய்க்குத் தோண்டுன பள்ளம் வரைக்கும் எழுதுறாங்களாம்.

துரைராசு: அதுல மொத அத்தியாயம் கீழவீதியில இருக்குறதுலயே பழைய கடை. ஒரு பக்கம் முழுக்கப் போட்டோ. யார் கடை தெரியுமா? இந்தா எதுத்தாப்புல இருக்கானே, சாரங்கபாணி.

எழில்மொழி: ம்...

துரைராசு: என்ன ம்? அவன்கிட்ட 1938ன்னு வெட்டுன குடம் இருக்காம். எங்க தாத்தா கடை போட்டப்ப அவங்க குடும்பம் இந்த வீதியில தள்ளுவண்டிகூட வைக்கலைன்னு எங்கப்பா சொல்லுவாரு.

எழில்மொழி: அதை மேடம்கிட்ட சொல்றதுதானே?

துரைராசு: சொல்லாம இருப்பேனா? அந்தக் காலத்துல எங்க கடைக்கு மூணு படி ஏறணும். ரோட்டு மேல ரோடு போட்டு, இப்ப உள்ள இறங்கிப் போறோம். அவன் வாசல் ரோட்டுக்குச் சமமா இருக்கு. இதைவிட என்ன சாட்சி வேணும்னேன். படியில வருஷம் எழுதியிருக்கான்னு கேக்குறாங்க.

எழில்மொழி: படிச்சவங்க. எழுத்துல இருந்தாத்தான் நம்புவாங்க.

துரைராசு: எல்லாம் அவனுக்குத்தான் அமையுது. ஓடாம கிடந்த பெரிய கோயில் தேரு திரும்ப ஓடுச்சே... வடம் பிடிக்கிறவங்க மூச்சு வாங்க எங்க நின்னாங்க? அவன் வாசல்ல. நீர்மோர் குடுத்தான், தேங்காய் உடைச்சான், பேப்பர்ல படம் வந்துச்சு. இன்னும் பத்தடி தள்ளி நின்னா ஆகாதா?

எழில்மொழி: தேரு மேலயுமாண்ணே பொறாமை?

துரைராசு: பொறாமைதான். வேற யார்கிட்டயும் சொல்ல வெட்கமா இருக்கு, உங்கிட்ட சொல்றேன். அவன் கல்லாவுல உட்கார்ந்து சிரிச்சா எனக்கு இங்க சோறு இறங்கல. வியாபாரம் பாக்கத்தான் கடை தொறக்குறீங்களா, அந்தாளு மூஞ்சியைப் பாக்கவான்னு ஆனந்தவல்லியே கேக்குறா.

எழில்மொழி: அண்ணி கேக்குறது நியாயந்தானே. அண்ணே... நாப்பத்தொண்ணாவே இருக்கட்டும். அப்படியே கொண்டுபோய்க் குடுங்க.

துரைராசு: அவனுக்குப் பின்னாடி ரெண்டாவதாவா?

எழில்மொழி: அரம் போட்டுத் தேச்சுட்டா அந்த நாலு திரும்ப வராது. நான் வேற ஒண்ணு வெட்டலாம்... ஆனா அது நான் வெட்டுனதாத்தான் இருக்கும்.

துரைராசு: நீ யாரு பக்கம்? அவன் கடைப் பாத்திரத்துக்கும் நீதானே பேர் வெட்டுறே?

எழில்மொழி: ரெண்டு வாசல்லயும்தான் உட்காருறேன். அங்க கேட்டதை இங்க சொல்றதில்ல, இங்க கேட்டதை அங்க சொல்றதில்ல. அதனாலதான் ரெண்டு பேரும் உட்கார விடுறீங்க.

துரைராசு: அப்ப பேசாம தேயி.

எழில்மொழி: நல்லா யோசிச்சுக்குங்கண்ணே...

துரைராசு: ரெண்டு ராத்திரியா அதைத்தான் யோசிக்கிறேன். தேயின்னேன்ல.

எழில்மொழி: ...போச்சு, நாலு போச்சு. குடத்தை ஆடாம பிடிச்சுக்குங்க... இன்னும் கொஞ்சம்... ம், முடிஞ்சுது.

துரைராசு: 1931. அடேங்கப்பா. புளி போட்டுத் தேச்சா... இல்ல இல்ல, பழசாத் தெரியணும். கொஞ்சம் கரியை அப்பிவிடு. நாளைக்கு அவன் மூஞ்சி போற போக்கைப் பாரு.

எழில்மொழி: மேடம் நம்பிடுவாங்களா?

துரைராசு: நம்பாம? ரெண்டு குடத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு லென்சுல பாக்கச் சொல்லப்போறேன். எனக்கென்னமோ அவன் முப்பத்தெட்டு மேலயே சந்தேகம். புதுசா வெட்டுனதா மட்டும் இருக்கட்டும், மேடம் முன்னாடியே நாறடிச்சுடுவேன்.

எழில்மொழி: லென்சு வேணாண்ணே.

துரைராசு: ஏன்? யாரு வெட்டிக் குடுத்தான்னு கண்டுபிடிக்காம விடமாட்டேன்.

எழில்மொழி: அதுவும் இதே உளிதாண்ணே... போன மாசம். துரைராசு கடைதான் மூத்ததுன்னு வீதியே பேசுது, வயிறு எரியுதுன்னு அவரும் இதே மாதிரி வந்து உட்கார்ந்தாரு. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. இந்த வீதியில நெசமான வருஷம் இருந்த குடம் ஒண்ணே ஒண்ணுதான்... அதை இப்பத்தான் தேச்சோம்.