நாடகத்தை நிறுத்திட்டு ஆசிரியர் பேசறார்

— நடுவுல நிறுத்தினா ஜனங்க எழுந்து சாம்பார் சாதத்துக்குப் போயிடுவா. போன வருஷம் நீங்க நிறுத்தாமலே போனா.

— அதுக்குத்தான்டி ராஜி இந்த ஏற்பாடே. அந்தக் காலத்து கிரேக்க நாட்டுக்காரா இப்படித்தான் பண்ணினா. காமெடி பாட்டுக்கு நடந்துண்டிருக்கும். திடீர்னு கோரஸ்னு பாடற கூட்டம் முன்னால வந்து நின்னு, எழுதினவன் குரல்ல ஜனங்ககிட்ட நேரா பேச ஆரம்பிச்சுடும்.

— என்னன்னு?

— எங்க ஆசிரியர் மாதிரி உண்டா, போன தடவை பரிசு குடுக்காத நீங்கள்லாம் மக்கு, எதிராளி திருடன், இந்தத் தடவையாவது ஒழுங்கா குடுங்கோன்னு. ரோம்ல இன்னும் மோசம். ஆரம்பத்துலயே ஒருத்தன் வந்து, தயவு பண்ணிக் கடைசி வரைக்கும் உக்காருங்கோன்னு கெஞ்சுவான்.

— இதைப் படிக்கத்தான் வாரம் பூரா இன்டர்நெட்னு ஃபோன் லைனைப் பிடிச்சு வெச்சேளா? உங்க அம்மா ஊர்லேந்து கூப்பிட்டு அலுத்துப் போயிட்டா.

— பார்த்துக்கோ, இன்னிக்குப் போட்டியிலயும் தோத்தா நான் அவுட். அடுத்த வருஷத்துலேந்து ஒரே நாடகம்தான், ஜெயிக்கறவா மட்டும்தான் போடலாம்னு தமிழ்ச் சங்கக் கமிட்டி சொல்லிடுத்து. வீட்லயும் நான் சொல்றதை யாரும் கேக்கறதில்லை, ஆபீஸ்லயும் கேக்கறதில்லை. இந்த மேடையும் போச்சுன்னா எங்கேடி போய்ப் பேசுவேன்?

— பேசிண்டே காரை ஓட்டி, திரும்ப வேண்டிய லிவர்மோர் எக்ஸிட்டை விட்டுட்டேள்.

— விடலை. இது ஷார்ட் கட்.

— அது சரி. கோரஸ் என்ன பேசப் போறது, அதைச் சொல்லுங்கோ.

— கோரஸா நம்ம கிட்டுசாமி முன்னால வருவான். 'சபையோரே, எங்க ஆசிரியர் பிச்சுமணிக்குத் தலையில முடி இல்லை. நாடகத்துல கதையும் இல்லை. பகல் பூரா சிப் டெஸ்ட் பண்றார், அது ஃபெயில் ஆறது. சாயங்காலம் வந்து நாடகம் எழுதறார், அதுவும் ஃபெயில் ஆறது. ரெண்டையும் விடறதா இல்லை.'

— இது நன்னாருக்கு. நிஜமாவே சிரிப்பு வரது.

— இரு, அடுத்தது எதிராளி. போன வருஷம் என்னைத் தோக்கடிச்சாளே, வெண்பான்னு பேரை வெச்சுண்டு முகத்தைக் காட்டாம தபால்ல நாடகம் அனுப்பறவ, அவ. இன்னிக்கும் அவ நாடகம் இருக்கு. 'அந்தம்மா எழுதின புருஷன் மாதிரி ஒரு அசடு பே ஏரியாவுலயே கிடையாது. ஊருக்குப் போற சூட்கேஸைக் கட்டிப் பிடிச்சுண்டு எடை மெஷின்ல ஏறி நின்னுட்டு, நம்பர் தெரியலைன்னு அதையே திட்டறானாம். வழி தப்பினாலும் வாயைத் திறந்து யாரையும் கேக்க மாட்டானாம்.'

— அதுக்கு ஹால்லயே ஜாஸ்தி சிரிச்சது நீங்கதான்.

— சிரிச்சேன், அதுக்கென்ன. 'இப்படிப் புருஷனைச் சந்தி சிரிக்க வெக்கறவளுக்கா முதல் பரிசு?' இதுக்குக் கைத்தட்டல் பறக்கும் பாரு.

— இதை எடுத்துடுங்கோ.

— ஏன்? கிரேக்கா இதைவிடக் கேவலமா திட்டினா.

— கிரேக்கா இருக்கட்டும். அவளும் அங்கதானே உக்காந்துண்டிருப்பா? குழந்தைகளைத் தூங்கப் பண்ணிட்டு, கராஜ்ல வாஷிங் மெஷின் மேல பேப்பரை வெச்சு எழுதியிருப்பா. சொந்தப் பேரைப் போட்டுக்கக் கூட பயம். முதல் தடவையா நாலு பேர் நன்னாருக்குன்னு சொல்லியிருக்கா. அவளை ஊர் முன்னாடி திட்டினா எனக்குத் தாங்காது.

— அவ மேல உனக்கென்ன இவ்வளவு கரிசனம்?

— ஒண்ணுமில்லை. ரோடைப் பாருங்கோ. பெட்ரோல் போடற அந்த கேஸ் ஸ்டேஷன்ல வழி கேட்டுத் தொலைங்கோ.

— கேக்கறேன். அதுக்கு முன்னாடி கடைசி நாலு வரி இருக்கு. கேட்டுட்டு எடுக்கச் சொல்லு, மொத்தத்தையும் எடுத்துடறேன்.

— சொல்லுங்கோ.

— 'சபையோரே, அந்த வெண்பா மூணாவது வரிசையில எங்க ஆசிரியரோட பொண்டாட்டியா உக்காந்துண்டிருக்கா. அவ சொல்வா சொல்வான்னு ஒரு வருஷமா காத்துண்டிருந்தார், அவ சொல்லலை. பரிசை அவளுக்கே குடுங்கோ, அடுத்த வருஷ நாடகமும் அவளோடதா இருக்கட்டும். அந்த அசடு வேஷத்துக்கு மட்டும் அவரைக் கூப்பிடுங்கோ, ரிகர்சலே வேண்டாம்.'